10ஜி லிங்க் சும்மா கிடக்கிறது, டிராஃபிக் 1ஜியிலேயே போகிறது. உதவி தேவை

புதுத்தடம்: வணக்கம், கொஞ்சம் அவசரம். புதிதாக 10ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட்) லிங்க் போட்டோம். டிராஃபிக் முழுக்கப் பழைய 1ஜியிலேயே போய் முட்டுகிறது. 10ஜி பக்கம் பிங் போகிறது, நெய்பரும் (எதிர்முனை ரவுட்டரும்) வந்துவிட்டது. ஏன் நல்ல பாதையை எடுக்க மாட்டேன் என்கிறது? இன்று இரவுக்குள் சரிசெய்தாக வேண்டும்.

கேபிள்காரன்: எந்த ப்ரோட்டோகால்? எத்தனை ரவுட்டர்? 10ஜி நேராகப் போகிறதா, நடுவில் வேறு பெட்டி இருக்கிறதா?

வழிப்போக்கன்: எங்காவது ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிவைத்த வழி) மறந்து கிடக்கும், பாருங்கள். ஸ்டாட்டிக்கின் அட்மின் டிஸ்டன்ஸ் (எந்த வழியை நம்புவது என்று சொல்லும் எண், குறைந்தது வெல்லும்) 1, ரவுட்டர்கள் தாமே வழி கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டும் வழி சொன்னால் ஸ்டாட்டிக்தான் டேபிளில் ஏறும்.

பாக்கெட்பித்தன்: எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) இரண்டு முனையிலும் ஒன்றுதானா? ஓஎஸ்பிஎஃப்பாக இருந்து எம்டியூ மாறியிருந்தால் நெய்பர் எக்ஸ்ஸ்டார்ட் என்ற ஆரம்பக் கட்டத்திலேயே நின்றுவிடும். ‘வந்துவிட்டது’ என்றால் ஃபுல் (இணைப்பு முழுதாக முடிந்தது) என்று காட்டுகிறதா?

மூத்தவலை: எது நல்ல பாதை என்று ரவுட்டருக்கு நீங்கள் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? அதைப் பார்க்காமல் ரவுட்டரைக் குறை சொல்லக் கூடாது. அடிப்படையைப் படிக்காமல் ஓடும் நெட்வொர்க்கில் கை வைக்கிறார்கள். டோப்பாலஜியும் ‘ஷோ ஐபி ரூட்’ வெளியீடும் போடுங்கள், அப்புறம் பேசலாம்.

புதுத்தடம்: ஓஎஸ்பிஎஃப், எல்லாம் ஒரே பகுதி, ஏரியா 0. சிஸ்கோ ஐஓஎஸ், மூன்று ரவுட்டர். ஏ–பி நேரடி 1ஜி. ஏ–சி, சி–பி இரண்டும் 10ஜி. பிக்குப் பின்னால் இருக்கும் 10.20.0.0/24க்குப் போக வேண்டும், அந்த லேன் போர்ட்டும் 10ஜி. ஸ்டாட்டிக் இல்லை. நெய்பர் ஃபுல். ரூட் டேபிளில் [110/2], நேரடி 1ஜி வழி.

கேபிள்காரன்: [110/2] என்பதில் 110 அட்மின் டிஸ்டன்ஸ், 2 பாதையின் மொத்தக் காஸ்ட். அந்த 2தான் விஷயம். ஐஓஎஸ்ஸில் காஸ்ட் என்பது ரெஃபரன்ஸ் பேண்ட்வித்தை லிங்க்கின் வேகத்தால் வகுத்தது. ரெஃபரன்ஸ் சும்மா விட்டால் 100 எம்பிபிஎஸ். 1ஜிக்கு 0.1, 10ஜிக்கு 0.01 வரும். ஆனால் காஸ்ட் 1க்குக் கீழே இறங்காது, அதனால் இரண்டுமே 1. நேர் வழி 1+1=2, சி வழி 1+1+1=3 (கடைசி 1 லேன் போர்ட்டுக்கு). டைக்ஸ்ட்ரா (குறைந்த காஸ்ட் பாதையைத் தேடும் முறை) கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறது, கொடுத்த எண்கள்தான் பழசு. ‘ஆட்டோ-காஸ்ட் ரெஃபரன்ஸ்-பேண்ட்வித் 100000’ போடுங்கள். 1ஜி 100 ஆகும், 10ஜி 10 ஆகும். மூன்று ரவுட்டரிலும் போட வேண்டும்.

வழிப்போக்கன்: ஈஐஜிஆர்பி (சிஸ்கோவின் இன்னொரு ரவுட்டிங் ப்ரோட்டோகால்) என்றால் இந்தத் தொல்லையே இல்லை. பாதையில் மிக மெதுவான லிங்க்கின் வேகத்தையும் மொத்தத் தாமதத்தையும் பார்க்கும், லோடையும் (லிங்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதையும்) பார்க்கும். ஒரு லிங்க் நிரம்பி வழிவது தெரியாத ப்ரோட்டோகால் எதற்கு?

மூத்தவலை: ஈஐஜிஆர்பி லோடைப் பார்க்காது. கே மதிப்புகளை (எதற்கு எவ்வளவு எடை என்று சொல்லும் எண்களை) மாற்றாத வரை பேண்ட்வித்தும் டிலேயும் மட்டும்தான். லோடைப் பார்த்து வழி மாற்றுவது நல்லது என்று நினைப்பவர்கள் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் வரலாற்றைப் படிக்க வேண்டும். அங்கே 1979இல் கொண்டுவந்த முறை தாமதத்தை அளந்தே பாதை பிடித்தது. நெரிசல் கூடியதும் ஒரு லிங்க்கை விட்டு எல்லோரும் இன்னொன்றுக்குத் தாவினார்கள். அது நிரம்பியதும் பழையதற்கே திரும்பினார்கள். பாதை ஆடிக்கொண்டே இருந்தது. 1987இல் அந்த மெட்ரிக்கை (பாதையை அளக்கும் எண்ணை) திருத்த வேண்டியதாயிற்று.

வழிப்போக்கன்: அது அந்தக் காலத்து வன்பொருள். இன்றைக்கு டிராஃபிக் எஞ்சினியரிங் (நெரிசலைப் பார்த்து டிராஃபிக்கைப் பாதைகளில் பங்கிடுவது) செய்கிறார்களே?

மூத்தவலை: அதை மேலே தனியாக வைத்துச் செய்கிறார்கள். ஓஎஸ்பிஎஃப்பின் அடிப்படை மெட்ரிக்கில் நுழைக்கவில்லை.

பாக்கெட்பித்தன்: கேட்டவருக்கு இரவுக்குள் வேலை முடிய வேண்டும். இந்த வாதத்துக்குத் தனி இழை திறக்கலாமே.

புதுத்தடம்: போட்டாயிற்று. இப்போது [110/12], சி வழியாகப் போகிறது. ரொம்ப நன்றி.

கேபிள்காரன்: 12ஆ? மூன்றிலும் போட்டிருந்தால் 10+10+10, அதாவது 30 வர வேண்டும். 12 என்றால் ஏயில் மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்: 10+1+1. காஸ்ட் வெளியே போகும் இன்டர்ஃபேஸுக்குத்தான் கணக்கு. பியில் பழைய எண்ணே இருப்பதால், திரும்பி வரும் டிராஃபிக் இன்னும் 1ஜியில்தான் வரும். பி, சி இரண்டிலும் போட்டுவிட்டு, பியில் ஒருமுறை ‘ஷோ ஐபி ரூட்’ பாருங்கள்.

பாக்கெட்பித்தன்: ஏதாவது இன்டர்ஃபேஸில் ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட்’ கையால் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். ரெஃபரன்ஸை மாற்றினாலும் அது மாறாது.

கேபிள்காரன்: @புதுத்தடம், பியில் என்ன காட்டுகிறது?