வன்னித் தாய்மாரின் சிசேரியன் கணக்கு: வழிகாட்டுவீர்களா?

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மகப்பேற்று விடுதிகளில் பணியாற்றுபவர்களிடமும் குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் ஓர் உதவி வேண்டும்.

எங்கள் பகுதியில் சிசேரியன் பிரசவங்கள் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகின்றன என்று தொகுக்கத் தொடங்கியிருக்கிறேன். சத்திரசிகிச்சையைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. தேவைப்படும் தாய்க்கு அது கிடைக்காமல் போவதுதான் பெருங்கொடுமை. ஆனால், மொத்த விகிதத்தை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. சிக்கலான பிரசவங்களை ஏற்கும் பெரிய வைத்தியசாலையில் அது கூடத்தான் செய்யும். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் தாய் வவுனியாவில் பிரசவித்தால் எந்த மாவட்டக் கணக்கில் சேர்ப்பது? வசிப்பிடப்படியும் வைத்தியசாலைப்படியும் தனித்தனியே எடுக்க நினைக்கிறேன்.

சிசேரியன் விகிதங்களை ஒப்பிடுவதற்காகப் பிரசவிக்கும் தாய்மாரை வகைப்படுத்தும் முறையாக உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்த ரொப்சன் வகைப்பாட்டின் 10 பிரிவுகளைப் பின்பற்றுகிறேன். முதற்பிரசவமா, முன்பு சிசேரியன் நடந்ததா, எத்தனை வாரம், வலி தானாக வந்ததா, குழந்தை எந்த நிலையில் இருந்தது, ஒரு குழந்தையா இரட்டையா என்ற ஆறு விவரங்கள் போதும். 5ஆம் பிரிவு, அதாவது முன்பு சிசேரியன் செய்து, இப்போது 37 வாரம் நிறைந்து, தலை கீழாக இருக்கும் ஒரே குழந்தையைச் சுமக்கும் தாய்மார், என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. முதற்பிரசவத்தில் எடுத்த முடிவு அடுத்த பிள்ளைப்பேற்றையும் தொடர்கிறதே!

உங்கள் பிரசவ அறைப் பதிவேட்டில், வலி தானாக வந்ததா, மருந்து கொடுத்து வரவழைத்ததா என்று தனியாக எழுதுகிறீர்களா? பிரசவங்கள் குறைந்த இடங்களில் மாத விகிதம் தாறுமாறாக ஏறி இறங்குகிறது; காலாண்டாகத் தொகுப்பதா, ஆண்டாகவா? அனுமதி பெறும் முறை தெரிந்தவர்களும் எழுதுங்கள். தாய்மாரின் பெயரோ அடையாள அட்டை இலக்கமோ எனக்கு வேண்டாம்.