பேயிடம் கேட்கும் முதல் கேள்வி

கேள்வி: கிணற்றடி

வணக்கம். கலிங்கத்துப்பரணியை உரையுடன் முழுமையாகப் படித்து முடித்த நாளிலிருந்து ஓர் ஐயம் என்னை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் விழுப்புரம் பக்கம். எனக்குப் பதினொரு வயது நடந்தபோது சித்தப்பாவுக்குத் திருமணம் ஆயிற்று. மூன்றாம் மாதமே சித்தி சரியாக உண்ணாமல், உறங்காமல், விளக்கு வைக்கும் நேரத்தில் கிணற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்காரத் தொடங்கினார். காற்றுக் கறுப்பு பட்டிருக்கும் என்று பக்கத்து ஊரிலிருந்து ஒரு பூசாரியை அழைத்து வந்தார்கள். சித்தியின் ஈரத்தலையை அவிழ்த்துவிட்டு நடுவீட்டில் உட்கார வைத்தார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் உடுக்கை அடித்த பூசாரி, சட்டென்று நிறுத்திவிட்டு, "நீ யார்? எந்த ஊர்?" என்று கேட்டார். சித்தி சொன்னது என் அத்தையின் பெயர். அத்தை, சித்தி எங்கள் வீட்டுக்கு வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, பத்தொன்பது வயதில், அதே கிணற்றில் விழுந்து இறந்தவர். அதன்பிறகு சித்தி "என் சீலை எங்கே?" என்று மூன்று முறை கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே எழுந்து போய்விட்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் எந்த மங்கல நிகழ்ச்சி நடந்தாலும், முதலில் அத்தைக்குப் பூவாடை என்னும் படையல் வைத்து, புதுச்சீலை படைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குகிறோம்.

அது உண்மையில் அத்தையா, இல்லையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. என் ஐயம் வேறு. எங்கள் வீட்டுப் பேய்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, கேட்டு வாங்க வேண்டிய ஒரு பொருளும் உண்டு. பரணியில் வரும் பேய்களிடமோ யாரும் "நீ யார்?" என்று கேட்பதில்லை. அவை பசியால் துடிக்கின்றன, கனாக் காண்கின்றன. இறந்த வீரர்களின் பற்களை அரிசியாக்கி, முரசை உரலாகவும் யானைக் கொம்பை உலக்கையாகவும் கொண்டு வள்ளைப்பாட்டுப் பாடிக் குற்றிக் கூழ் அடுகின்றன. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று பந்தியில் வகைகூட இருக்கிறது. ஆனால் அவற்றுள் ஒன்றாவது முன்பு மனிதராக இருந்து இறந்ததாக எனக்குத் தென்படவில்லை. அப்படியானால் நம் பழைய இலக்கியத்தின் பேய் தனியோர் இனமா? செத்தவர் பேயாக வருவது எப்போது தொடங்கியது? வெளிநாட்டுப் படங்களில் புதைகுழியிலிருந்து உடம்போடு எழுந்து வருகிறார்களே, அதற்கு ஒப்பான ஒன்று நம்மிடம் இருந்ததா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி. நீங்கள் கவனித்தது பரணிக்கு மட்டும் உரியதன்று; அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய பாட்டுகளிலும் பேய் அப்படித்தான் இருக்கிறது. திருமுருகாற்றுப்படையின் பேய்மகளுக்குக் காதில் கூகையும் பாம்பும் தொங்குகின்றன. அவள் "கண்தொட்டு உண்ட கழிமுடைக் கருந்தலை"யைக் கையில் ஏந்தித் துணங்கை ஆடுகிறாள். தோண்டி உண்ணப்பட்ட கண் செத்தவனுடையது. உண்டவள் செத்தவள் அல்லள். போர்க்களம் இருந்தால் கழுகும் நரியும் வருவதுபோலப் பேயும் வரும். அதைக் களத்து உயிரினங்களுள் ஒன்றாகவே புலவர்கள் எண்ணினார்கள் என்பது என் கருத்து.

வீட்டுக்குள்ளும் அது வரும் என்ற அச்சம் அப்போதே இருந்தது. போரில் புண்பட்டு, காக்கும் சுற்றம் இல்லாமல் கிடப்பவனைப் பேய் ஓம்புவதைப் "பேஎய்ப் பக்கம்" என்று தொல்காப்பியம் ஒரு துறையாகவே வகுத்திருக்கிறது. சுற்றம் இருப்பவனை எப்படிக் காத்தார்கள் என்பதற்குப் புறநானூற்றின் 281ஆம் பாட்டைப் பாருங்கள். அரிசில்கிழார் பாடியது. இரவ மரத்தின் தழையையும் வேம்பையும் வீட்டில் செருகி, வெண்சிறுகடுகைத் தூவி, ஆம்பற்குழலை ஊதி, மணியை அடித்து, காஞ்சிப்பண் பாடி, வீடு முழுவதும் நறும்புகை எழுப்பி, "காக்கம் வம்மோ காதலந் தோழீ" என்று ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். உங்கள் பூசாரியின் உடுக்கைக்கும், நம் வீட்டு வாசலில் இன்றும் செருகும் வேப்பிலைக்கும், சுற்றிப் போடும் கடுகுக்கும் இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை. கவனியுங்கள்: அங்கேயும் வந்தது யாருடைய பேய் என்று எவரும் கேட்கவில்லை. வராமல் தடுக்கிறார்கள்; அவ்வளவுதான்.

அடுத்து மணிமேகலை. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே போகிறவன், புகார்ச் சுடுகாட்டில் ஒரு பேய் பிணத்தின் தலையை ஏந்திக் "கண்தொட்டு உண்டு" கூத்தாடுவதைக் கண்டுவிடுகிறான். முருகாற்றுப்படையின் சொல்லே மீண்டும் வருகிறது. அஞ்சி வீட்டுக்கு ஓடிவந்து, "வெம்முது பேய்க்கு என் உயிர் கொடுத்தேன்" என்று தாயிடம் சொல்லி இறக்கிறான். கண்ணிழந்த அந்தத் தாய் கோதமை மகனின் உடலைத் தழுவி எடுத்துக்கொண்டு, நகரைக் காக்கும் சம்பாபதியிடம் முறையிடுகிறாள். தெய்வம் சொல்லும் மறுமொழிதான் வியப்புக்குரியது: "அணங்கும் பேயும் ஆருயிர் உண்ணா." பேய் பிணத்தைத் தின்னும், உயிரைக் குடிக்காது, அவனுடைய அறியாமை காரணமாக ஊழ்வினை வந்து உயிரை உண்டது என்கிறது. கண்ட காட்சியை மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் பொய்யென்று சொல்லவில்லை. செத்ததற்குக் காரணம் அதுவன்று என்று மட்டும் பிரித்துவிடுகிறார். இன்றைய பேய்க்கதை எழுதுபவர் எவராவது இவ்வளவு நுட்பமாக அந்தக் கோட்டைக் கிழித்திருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்ததுண்டு.

செத்தவர் பெயரோடு திரும்பி வருவதற்கு எனக்குத் தெரிந்த பழைய சான்று பழையனூர் நீலி. கொலையுண்டவள் மறுபடி வந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கொன்றவனைக் கணவன் என்று ஊர் அவையில் அழுது வழக்காடுகிறாள். அவனைக் காத்துவந்த வாளைக் கீழே வைக்கச் சொல்லி, "உன் உயிருக்கு எங்கள் உயிர் பொறுப்பு" என்று சொன்ன எழுபது வேளாளரும், அவன் இறந்து கிடந்ததைக் கண்டு தீப்புகுந்தார்கள். நீலிக்கண்ணீர் என்னும் வழக்கு அங்கிருந்து வந்தது. ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தரே திருவாலங்காட்டுப் பதிகத்தில் "வஞ்சப் படுத்தொருத்தி வாழ்நாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்" என்று குறிப்பிடுவதால் கதை அதற்கும் முந்தியது.

அதே திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார் "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று தொடங்கும் பதிகத்தில் ஒரு பெண்பேயை வரைந்து காட்டுகிறார். அவர் சாகவில்லை, உயிரோடிருக்கும்போதே உடலின் வனப்பை உதறிவிட்டுப் பேய்வடிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தம்மைக் "காரைக்கால் பேய்" என்றே பாட்டில் கையொப்பமிட்டவர். பேய் என்பது ஓர் இனம் என்ற எண்ணம் வலுவாக இருந்ததால்தான், சாகாமலே அந்த இனத்தில் ஒருவர் போய்ச் சேர முடிந்தது.

எழுந்து நடக்கும் பிணம் பற்றிக் கேட்டீர்கள். வேதாளம் அதற்கு மிக அருகில் வருகிறது. பதினோராம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்திலும் அது மரத்தில் தொங்கும் பிணத்துக்குள் புகுந்துதான் கதை சொல்கிறது. ஆனால் பேசுவது அந்தப் பிணத்துக்கு உரியவன் அல்லன். உடம்பு வேதாளத்துக்கு வாடகை வீடு. வடமொழியில் சிம்சபா மரமாக இருந்ததை நம்மவர்கள் முருங்கை மரமாக்கிக் கொல்லைப்புறத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். பெரும்பாலும் எரித்துவிடும் வழக்கமுள்ள இடத்தில் உடம்போடு திரும்பி வருவது கடினம்தான்.

மறுமொழி: இரவுப்பணி

நான் பதினான்கு ஆண்டுகளாகச் செவிலியாகப் பணிபுரிகிறேன். இலக்கியம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. வீட்டுப் பேயில் ஒரு வகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தொடர்ந்து நான்கு இரவு வேலை முடித்துவிட்டு ஒரு பகலில் மல்லாந்து படுத்து உறங்கினேன். விழிப்பு வந்தது. மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, கீழ்வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது கேட்டது, ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. கால்மாட்டில் யாரோ நிற்பதாக உறுதியாகத் தோன்றியது. பிறகு அந்த எடை மெதுவாக என் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்தது. கத்தினேன், ஒலி வரவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, எல்லாம் விலகிவிட்டது. பாய் மட்டும் வியர்வையில் நனைந்திருந்தது.

எங்கள் அம்மா இதை அமுக்குவான் பேய் என்பார். கனவு காணும் உறக்கத்தில், கனவில் ஓடும்போது படுக்கையில் கால் ஓடிவிடாதபடி மூளை தசைகளைக் கட்டிவைக்கிறது. சில வேளைகளில் அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. கனவின் மிச்சம் அறைக்குள் ஆளாக நிற்கிறது. நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது நேர்கிறது. உறக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் கூடுதலாக நேர்கிறது. ஜப்பானியர்கள் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள்.

இதில் நீங்கள் கேட்டதற்கு ஒரு தொடர்பு உண்டு என்று நினைக்கிறேன். அமுக்குவானுக்குப் பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது. தலையணைக்கு அடியில் அரிவாளை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்களே தவிர, "நீ யார்?" என்று எங்கள் வீட்டில் எவரும் அதைக் கேட்டதில்லை. ஆக, பழைய வகைப் பேய் வீட்டை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் அலகையாக, அதாவது பேயாக, வைக்கப்படுவான் என்று குறள் சொல்வதால், இதற்குமேல் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அரிவாள் இப்போதும் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

மறுமொழி: உருமநேரம்

ஏட்டுச்சுவடி ஐயாவின் விளக்கம் மிக நன்று. ஆயினும் நீலியைப் பற்றி எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சேர்க்காவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும். "நீலிக்கண்ணீர்" என்று அவளைப் பொய்க்காரியாக்கியது ஊர் அவையின் பக்கம் நின்று சொன்ன கதை. குமரி, நெல்லை வில்லுப்பாட்டில் கதை முற்பிறப்பிலிருந்து தொடங்குகிறது. நகைக்கு ஆசைப்பட்டவன் தன் மடியில் தலைவைத்து உறங்கியவளைக் காட்டில் கொல்கிறான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி மட்டுமே சாட்சி. அவள் பிறகு கள்ளிக் கொம்பையே குழந்தையாக்கி ஊருக்குள் கொண்டுவருவது மாயவித்தை அன்று. சாட்சியைக் கையோடு அழைத்து வருகிறாள். அவைக்கு அது விளங்கவில்லை. பாட்டில் அந்த இடம் வரும்போது பெண்கள் பக்கம் ஓர் அசைவு ஏற்படும். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும்.

அந்த நீலிதான் எங்களுக்கு இசக்கி அம்மன். குமரி மாவட்டத்து முப்பந்தலில் போய்ப் பாருங்கள். பிள்ளை வேண்டி வருபவர்கள் தொட்டில் கட்டுவதும் அவளிடம்தான், பிள்ளையைத் தின்பவள் என்று அஞ்சுவதும் அவளைத்தான். துர்மரணம் அடைந்தவருக்குப் பீடம் போட்டுக் கொடை கொடுத்து, மாடனாகவும் இசக்கியாகவும் கன்னியாகவும் நிறுத்திவிடுவது தெற்கத்தி வழக்கம். உங்கள் பூவாடை அதற்கு வடக்கத்தி உறவு.

ஆகவே உங்கள் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்கலாம். பெயர் கேட்பது ஏன்? விரட்டுவதற்குப் பெயர் தேவையில்லை. வேம்பும் கடுகும் புகையும் போதும், அதைத்தான் புறநானூற்றுப் பெண்கள் செய்தார்கள். பெயரும் ஊரும் தெரிந்தால்தான் என்ன தர வேண்டும், யார் தர வேண்டும் என்று பேசி முடிக்க முடியும். கடன் இருக்கும் இடத்தில்தான் முகவரி தேவைப்படுகிறது. பரணிப் பேய்க்குக் கூழ் வேண்டும், அதை எந்தக் களத்திலும் குடித்துக்கொள்ளும். உங்கள் அத்தைக்கு வேண்டியது குறிப்பிட்ட ஒரு சீலை. ஒன்று கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்: அந்தச் சீலை கடைசியில் என்ன ஆயிற்று?

மறுமொழி: கிணற்றடி

அனைவருக்கும் நன்றி. "கண்தொட்டு உண்டு" என்ற சொல் இரண்டு நூல்களிலும் வருவதை எடுத்துப் பார்த்தேன், உடல் சிலிர்த்தது. செவிலி அக்கா சொன்னதையும் சித்தியிடம் படித்துக் காட்டினேன். அந்த மூன்று மாதமும் ஒரு நாளாவது முழுதாக உறங்கிய நினைவில்லை என்றார். உடுக்கை நின்றபின் தாம் என்ன பேசினோம் என்பது இன்றுவரை தமக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

சீலையைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் கேட்டதே இல்லை. நேற்று இரவு அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அத்தைக்கு நிச்சயம் பேசியபோது மதுரையிலிருந்து எடுத்து வந்த அரக்குநிறச் சுங்குடிச் சீலையாம். ஒரு முறைதான் உடுத்தினாராம். அத்தை இறந்த நான்காம் மாதம் நான் பிறந்திருக்கிறேன். வீட்டில் அப்போது இருந்த ஒரே மெத்தென்ற நூல்சீலை அதுதான் என்று ஆயாதான் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாராம். உத்தரத்தில் கட்டிய தூளியில் ஒன்றரை வயது வரை நான் அதில்தான் உறங்கியிருக்கிறேன்.