டெல்டா, சீமென்ஸ், மூன்று எனர்ஜி மீட்டர்: ஒரே கம்ப்யூட்டரில் பார்க்க என்ன வழி?

புதுவயல்_பேனல்:
வணக்கம். புதுவயலில் ஒரு அரிசி ஆலை. டிரையர் பேனலில் டெல்டா டிவிபி-14எஸ்எஸ்2 பிஎல்சி (இயந்திரங்களை ஓட்டும் சிறு கட்டுப்பாட்டுக் கணினி) இருக்கிறது. நெல் அவிக்கும் பகுதிக்குப் புதிதாக சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சி வந்திருக்கிறது. மெயின் பேனலில் ஆர்எஸ்-485 (ஒரே கம்பி ஜோடியில் பல கருவிகள் பேசும் லைன்) உள்ள எனர்ஜி மீட்டர் மூன்று. முகவரி 1, 2, 3. செட்டிங் 9600, 8, ஈவன், 1 (வேகம், டேட்டா பிட், பாரிட்டி, ஸ்டாப் பிட்). பார்க்க வேண்டிய கம்ப்யூட்டர் ஆலைக்கு எதிரே முதலாளியின் பழைய வீட்டு முகப்பில் இருக்கிறது. கேபிள் போகும் தூரம் 80 மீட்டர்.

மீட்டர் மூன்றும் யூஎஸ்பி-485 கன்வெர்ட்டரில் ஒழுங்காகப் படிக்கின்றன. டெல்டாவை அதே ஜோடியில் சேர்த்தபோது அது பதிலே தரவில்லை. மீட்டரின் செட்டிங்குக்கு மாற்ற டெல்டாவில் எம்1143-ஐ ஆன் செய்து டி1120-ல் எச்87 போட்டேன். இப்போது முதல் மீட்டரும் சிஆர்சி பிழை (செய்தி சிதைந்தது என்ற பிழை) காட்டுகிறது, 2, 3 நன்றாக இருக்கின்றன. சீமென்ஸுக்கு பிங் போகிறது, மென்பொருளும் இணைகிறது, ஆனால் அதன் டேட்டா பிளாக்கான டிபி1-ஐப் படித்தால் பிழை. ஓபிசி சர்வர் (பல கம்பெனிக் கருவிகளின் தரவைப் பொதுவாக்கித் தரும் மென்பொருள்) வாங்கினால்தான் ஆகும் என்கிறார்கள். அவசியமா? வீட்டுக்கு வைஃபை போதுமா?

இரட்டைக்கம்பி:
முதல் மீட்டர் மட்டும் கெடுவதிலேயே விடை இருக்கிறது தம்பி. டெல்டாவின் ஃபேக்டரி முகவரியும் 1. இந்தக் கருவிகள் பேசும் மோட்பஸ் முறையில் ஆஸ்கி, ஆர்டியூ என்று இரண்டு வகை. முன்பு அது ஆஸ்கி முறையில் (9600, 7, ஈவன், 1) இருந்ததால் ஆர்டியூ கேள்வி அதற்குப் புரியவில்லை, சும்மா இருந்தது. ஆர்டியூ ஆக்கியதும் 1 என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார்கள். எம்1002 பல்ஸில் (பிஎல்சி ஓடத் தொடங்கும்போது ஒருமுறை வருவது) இந்த நான்கையும் சேர்த்துப் போடுங்கள்: டி1120-க்கு எச்87, டி1121-க்கு கே4 (புது முகவரி 4), எம்1120 செட், எம்1143 செட். எம்1120 விட்டுப்போனால் செட்டிங் நிலைக்காது.

டெல்டாவில் டி0 ரெஜிஸ்டரின் மோட்பஸ் முகவரி எச்1000, அதாவது 4096. டி100 வேண்டுமானால் 4196. 4-இல் தொடங்கும் எண் கேட்கும் மென்பொருளில் 404197. ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ போட்டுவிட்டுப் பக்கத்து ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமான தவறு.

மீட்டரின் மதிப்பு 32 பிட் ஃப்ளோட்டாக (இரண்டு ரெஜிஸ்டரில் வரும் தசம எண்ணாக) இருந்தால் வேர்டு வரிசையைச் சோதியுங்கள். 230 வோல்ட் என்றால் இரண்டு ரெஜிஸ்டரில் 17254, 0 என்று வரும். வரிசை மாறினால் திரையில் சுழியை ஒட்டிய எண்தான் தெரியும். மீட்டர் கெட்டுவிட்டதாக நினைத்துவிடாதீர்கள்.

வயரிங்கில் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்கு என்று தொடராகப் போக வேண்டும், நடுவில் கிளை பிரிக்கக் கூடாது. 120 ஓம் ரெசிஸ்டர் இரண்டு முனையில் மட்டும். எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு இரு கம்பிக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓமை ஒட்டி வர வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விடுபட்டிருக்கிறது. 40 காட்டினால் யாரோ மூன்றாவதையும் போட்டிருக்கிறார்கள். ஷீல்டுக்கு ஒரே பக்கம் எர்த். புளோயர் டிரைவின் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் ஓட்டாதீர்கள், குறுக்கே போக வேண்டி வந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

எஸ்7_ஆள்:
சீமென்ஸ் பக்கம் இரண்டு டிக் மார்க் விஷயம். சிபியு பண்புகளில் பாதுகாப்புப் பகுதியில் புட்/கெட் (வெளியிலிருந்து எழுத, படிக்க) அனுமதியை ஆன் செய்யுங்கள். டிபி1-இன் பண்புகளில் ஆப்டிமைஸ்டு அக்சஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை முகவரி சொல்லிப் படிக்க முடியாது. பிறகு கம்பைல் செய்து டவுன்லோடு. மென்பொருளில் ரேக் 0, ஸ்லாட் 1, போர்ட் 102.

ஆனால் நான் அந்த வழியைச் சொல்லமாட்டேன். புட்/கெட் திறந்துவிட்டால் அந்த நெட்வொர்க்கில் நுழையும் எவரும் எழுதவும் முடியும். எம்பி_சர்வர் பிளாக் போட்டு போர்ட் 502-இல் மோட்பஸ் டிசிபி (ஈத்தர்நெட் வழி மோட்பஸ்) கொடுங்கள். எந்த டிபி-யைக் காட்டுகிறீர்களோ அது மட்டும் வெளியே தெரியும். அந்த டிபி-யும் ஆப்டிமைஸ்டு இல்லாததாக இருக்கட்டும். ஒரு எம்பி_சர்வர் ஒரு இணைப்பைத்தான் தாங்கும். இன்னொரு திரையும் படிக்க வேண்டுமென்றால் வேறு ஐடியோடு இன்னொரு பிளாக்.

485 பக்கத்துக்கு ஆர்டியூ–டிசிபி கேட்வே (485 லைனை ஈத்தர்நெட்டுக்கு மாற்றும் பெட்டி) ஒன்று போதும். கம்ப்யூட்டருக்கு எல்லாமே மோட்பஸ் டிசிபி ஆகிவிடும்: இரண்டு ஐபி, ஒரே மொழி. கேட்வேயில் யூனிட் ஐடிதான் கருவியின் முகவரி. டைம்அவுட் 300 மில்லிசெகண்ட் வையுங்கள். ஒரு நொடி, மூன்று முயற்சி என்று விட்டால் ஒரு மீட்டர் அணைந்தாலும் மொத்த லைனும் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நொடி நிற்கும்.

இவ்வளவுக்கு ஓபிசி தேவையில்லை. நோட்-ரெட் மென்பொருளே படித்து டேட்டாபேஸில் எழுதிவிடும். கெப்வேர் (ஒரு ஓபிசி சர்வர்) டெமோ போட்டுப் பார்ப்பதானால் இரண்டு மணி நேரத்தில் அது நின்றுவிடும். கேபிளைக் குறை சொல்லாதீர்கள்.

ஐப்பசி_இடி:
வைஃபை பற்றி யாரும் சொல்லவில்லை. ஆலையில் தகரக் கூரை, அங்கே செட்டிநாட்டு வீட்டின் கனமான சுவர். சிக்னல் வரும், போகும். 80 மீட்டர் ஈத்தர்நெட்டின் 100 மீட்டர் எல்லைக்குள்தான், ஆனாலும் இரண்டு கட்டடத்துக்கு நடுவே செம்புக் கம்பி வேண்டாம். ஆலை எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒரே அளவில் இருக்காது, ஐப்பசியில் பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு பக்கத்துப் போர்ட்டும் போய்விடும். ஃபைபரும் இரண்டு மீடியா கன்வெர்ட்டரும் போடுங்கள். கேட்வே 485 பக்கம் ஐசொலேஷன் (மின் தொடர்பு பிரிப்பு) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உமித்தூசு புகாத பெட்டிக்குள் வையுங்கள்.

புதுவயல்_பேனல்:
முகவரி 4 ஆக்கியதும் முதல் மீட்டர் சரியாகிவிட்டது. சீமென்ஸும் 502-இல் வருகிறது. ஒன்று விட்டுப்போனது: 485 ஜோடியில் சேர்த்த டெல்டாவின் அதே காம்2 போர்ட்டில்தான் புளோயர் டிரைவை மோட்ரைட் (பிஎல்சியே டிரைவுக்கு எழுதும் கட்டளை) போட்டு ஓட்டுகிறோம். சோதனைக்காக டிரைவ் கம்பியைக் கழற்றி வைத்திருந்தேன்.

இரட்டைக்கம்பி:
அப்படியானால் டெல்டாவை 485 ஜோடியில் சேர்க்க மேலே சொன்னது இங்கே செல்லாது. காம்2 டிரைவுக்கு மாஸ்டர், அதாவது பேச்சைத் தொடங்கும் பக்கம். ஒரே லைனில் கேட்வேயும் மாஸ்டராக வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். காம்2-இன் பழைய செட்டிங்கைத் திருப்பிவிட்டு டிரைவை மட்டும் வையுங்கள். கம்ப்யூட்டருக்கு காம்1-ஐக் கொடுங்கள்: டி1036-க்கு எச்87, எம்1138 செட், எம்1139 செட். அது ஆர்எஸ்-232, 15 மீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். ஆகவே டெல்டாவுக்கு மட்டும் 232 போர்ட் உள்ள தனி கேட்வே, அதே டிரையர் பேனலுக்குள். புரோகிராம் மாற்றும்போது அதைக் கழற்றிவிட்டுத்தான் லேப்டாப்பை மாட்ட முடியும். பேனல் கதவில் எழுதி ஒட்டிவையுங்கள்.