சின்னம்மை வந்துபோன உடம்பில் அக்கி எப்படி?

தெம்பனிஸ்_மாணவர்:
தொடக்கக்கல்லூரி உயிரியலில் இப்போது நோய் எதிர்ப்புப் பாடம். சின்னம்மை ஒருமுறை வந்தால் ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் ரத்தப் புரதம்) நிலைத்துவிடும் என்று படித்தோம். பிறகு அதே வைரஸால் 60 வயதில் அக்கி எப்படி வருகிறது? ஏன் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக?

நரம்புமுடிச்சு:
ஆன்டிபாடி செல்லுக்கு வெளியே இருக்கும் வைரஸைத்தான் பிடிக்கும். இந்த வைரஸோ சின்னம்மையின்போதே தோலிலுள்ள உணர்வு நரம்பின் நுனியில் நுழைந்து, இழை வழியே ஏறி, முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அங்கே நியூரானின் (நரம்பு செல்லின்) உட்கருவில் அதன் டிஎன்ஏ மட்டும் கிடக்கும். புரதம் அநேகமாக உருவாகாது. புரதம் இல்லையென்றால் எதிர்ப்பு மண்டலத்திடம் அதைக் காட்டிக்கொடுக்கவும் ஒன்றுமில்லை.

அது தலைதூக்கும்போது அடக்குபவை டி-செல்கள், அதாவது வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளணுக்கள். முதுமையிலும், புற்றுநோய்க்கான கீமோ அல்லது நீண்டநாள் ஸ்டீராய்டு எடுக்கும்போதும் அவைதான் தளர்கின்றன. ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்துகொண்டேதான் இருக்கும். விடைத்தாளில் "எதிர்ப்புச் சக்தி குறைந்தது" என்று மொத்தமாக எழுதாதீர்கள், எது குறைந்தது என்று எழுதுங்கள்.

பட்டைக்குக் காரணம் நரம்பின் அமைப்பு. முதுகுத்தண்டு நரம்புகள் 31 ஜோடி. ஒவ்வொன்றுக்கும் தோலில் ஏறக்குறைய ஒரு பட்டை. தொப்புள் மட்டம் 10-ஆம் மார்பு நரம்புக்கு உரியது. இடப்பக்க முடிச்சில் விழித்த வைரஸ் இடப்பக்க நரம்பில்தான் இறங்கும். அதனால் கொப்புளம் உடம்பின் நடுக்கோட்டோடு நின்றுவிடும்.

மருந்தகம்_வாசல்:
மேலே சொன்னதோடு ஒன்று: கொப்புளத்துக்குச் சில நாள் முன்பே அந்த இடம் எரியும், சட்டை உரசினாலே வலிக்கும். நரம்புக்குள் அழற்சி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பலரும் தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து நாளைக் கடத்திவிடுகிறார்கள். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு வழக்கமாக அசிக்லோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு 5 வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். காவி பூசி அக்கி எழுதுவதால் வைரஸ் அடங்காது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் வைக்கும், 72 மணி நேரமும் வீணாகப் போகும். மூக்கு நுனியில் கொப்புளம் என்றால் கண்ணுக்கு ஆபத்து, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

தெம்பனிஸ்_மாணவர்:
நன்றி, தெளிவாகிவிட்டது. பக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு அக்கி ஒட்டுமா?

நரம்புமுடிச்சு:
அக்கி ஒட்டாது. ஆனால் கொப்புள நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. சின்னம்மையோ அதன் தடுப்பூசியோ காணாத குழந்தைக்கு அதிலிருந்து சின்னம்மை வரலாம். பொருக்குத் தட்டும்வரை மூடி வையுங்கள்.

மருந்தகம்_வாசல்:
வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்லுங்கள்: அக்கியைத் தடுக்கும் ஷிங்கிரிக்ஸ் தடுப்பூசியில் இருப்பது வைரஸின் ஒரு புரதம் மட்டுமே, உயிருள்ள வைரஸ் அல்ல. டி-செல்களை மறுபடி எழுப்புவதற்கென்றே அதில் ஒரு துணைப்பொருளும் சேர்த்திருக்கிறார்கள். முதல் ஊசிக்குப் பின் 2 முதல் 6 மாதத்துக்குள் இரண்டாவது. 2025 செப்டம்பரிலிருந்து 60 வயதைத் தொட்டவர்களுக்குச் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் மானியம் உண்டு. முதல் ஊசிக்கு மறுநாள் கை வலித்துக் காய்ச்சல் அடித்தது என்று இரண்டாவதை விட்டுவிட வேண்டாம்.