வெட்டிவேர் செண்ட்டும் நம் ஊர் வெயிலும்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

பினாங்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம். வெட்டிவேரை முதன்மையாகக் கொண்ட செண்ட்டுகளை நம் ஊர் வெயிலிலும் ஈரக்காற்றிலும் அணிந்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவங்களை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேரங்காடியின் குளிர்சாதன அறையில், விற்பனையாளர் நீட்டும் அட்டைத் துண்டை முகர்ந்துவிட்டு ஒரு வெட்டிவேர் செண்ட்டை வாங்குவதும் சரியில்லை, வேண்டாமென்று ஒதுக்குவதும் சரியில்லை. அட்டையில் முதல் பத்து நிமிடங்களுக்கு நாம் முகர்வது பெரும்பாலும் ஆரஞ்சு, எலுமிச்சை, மிளகு ஆகியவற்றின் வாசம்தான். வெட்டிவேர் எண்ணெயில் உள்ள குசிமோல், வெட்டிவோன் போன்ற கூறுகள் கனமானவை, மெதுவாக ஆவியாகக்கூடியவை. ஆகையால் வேரின் மணம் மேலே வருவதற்கே நேரம் பிடிக்கும். வந்த பிறகு அது எளிதில் போவதும் இல்லை. தோலில் பூசி, வெளியே நடந்து, வியர்த்து, நான்கு மணி நேரம் கழித்து மணிக்கட்டில் எஞ்சியிருப்பது எதுவோ அதை வைத்துத்தான் இந்த வகையை மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

லலீக் நிறுவனத்தின் ஆங்க்ர் நுவாரை அணிந்து வேலைக்குச் சென்றபோதுதான் இது எனக்குத் தெளிவாயிற்று. 2006ஆம் ஆண்டு நத்தாலி லோர்சான் உருவாக்கிய அந்தச் செண்ட்டில் பழத்தின் இனிப்பு எதுவும் முன்னால் வருவதில்லை. சைப்ரஸ் மரத்தின் கசப்பும் வெட்டிவேரின் இருண்ட ஈரமும் எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடுகின்றன. வீட்டில் பூசியபோது மழையில் நனைந்த பலகையின் வாசமும் பேனா மையின் வாசமும் கலந்தது போல் இருந்தது. கொம்தார் செல்லும் பேருந்தின் குளிரில் அது தோலோடு ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று. பேருந்தை விட்டு இறங்கி லெபோ பந்தாய் வரை வெயிலில் நடந்த பிறகு, வியர்வை அரும்பிய கழுத்துப் பக்கத்திலிருந்து மீண்டும் எழுந்தது. இம்முறை கசப்புக் குறைந்து, கழுவிக் காயவைத்த வேருக்கே உரிய அந்த மெல்லிய இனிப்பும் உடன் வந்தது. மதிய உணவுக்காக லெபோ பசார் பக்கம் போனேன். மல்லிகைச் சரமும் ஊதுபத்தியும் மசாலைத் தூளும் ஒருங்கே மணக்கும் அந்தத் தெருவிலும் என் சட்டையின் மணம் தனியாகத் தெரிந்தது. பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்து, "தம்பி, வெட்டிவேர் மாலை எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். எந்த விளம்பர வாசகத்தையும்விட அந்தக் கேள்விக்கே நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

அதே 2006ஆம் ஆண்டில் ழான்-குளோத் எலெனா எர்மேஸ் நிறுவனத்துக்காக உருவாக்கிய தெர் தெர்மேஸையும் நான் விரும்பி அணிவதுண்டு. அருமையான செண்ட், ஆனால் அதை வெட்டிவேர் செண்ட் என்று சொல்லி வாங்கிக் கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதில் முன்னிற்பவை ஆரஞ்சும், மிளகும், உலர்ந்த சிடார் மரமும், தீக்கல்லை உரசினாற்போல் எழும் ஒரு வாசமும்தான். வெட்டிவேர் அடியில் இருந்து தாங்குகிறதே தவிர, தன் முகத்தைக் காட்டுவதில்லை. 1950களின் இறுதியில் பிறந்த, கெர்லேன் நிறுவனத்தின் 'வெட்டிவேர்' என்ற செண்ட்டோ முற்றிலும் வேறு வகை. புகையிலையும் ஜாதிக்காயும் வேரோடு சேர்ந்து வருகின்றன. பாலிக் பூலாவின் ஜாதிக்காயைத் தின்றும் குடித்தும் வளர்ந்த பினாங்குக்காரர்கள் இதை முகர்ந்தால், எங்கோ பாரிசில் செய்த பொருள் என்ற விலகல் அவர்களுக்கு இருக்காது என்று நம்புகிறேன்.

கோலாலம்பூர், செந்தூலிலிருந்து

அண்ணன் எழுதியதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது நிறுவனங்களின் குப்பிகளைப் பற்றியன்று, அத்தரைப் பற்றி. ஜாலான் மஸ்ஜித் இந்தியா பகுதியில் அத்தர் விற்கும் பாய் ஒருவரிடம், கலப்பில்லாத வெட்டிவேர் அத்தர் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தார். ஒன்று பளிச்சென்ற பச்சை. மூடியைத் திறந்தவுடனே சர்பத்தின் இனிப்பு மூக்கில் ஏறியது. "எல்லாரும் விரும்பி வாங்குவது இதுதான்; ஆனால் நீங்கள் கேட்டது இது இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு, மற்றொரு குப்பியில் கண்ணாடிக் குச்சியைத் தோய்த்து என் மணிக்கட்டில் தொட்டு வைத்தார். பழுப்பும் பச்சையும் கலந்த அந்த எண்ணெய் குச்சியிலிருந்து மிக மெதுவாகவே இறங்கியது. அதன் பெயர் ரூ குஸ். உத்தரப் பிரதேசத்தில் தானாக வளரும் வெட்டிவேரைத் தோண்டி, கன்னோஜ் ஊரின் செப்புக் கலங்களில் இட்டு, நெடுநேரம் காய்ச்சி வடிக்கிறார்கள். அந்தப் பச்சைச் சாயல் செம்பினால் வருவது என்றும் பாய் விளக்கினார்.

முதல் அரைமணி நேரம் அது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்ததும் முகத்தில் படும் கசப்பும், ஈர மண்ணும், ஏதோ ஒரு பச்சை வேரை ஒடித்த காரமும் சேர்ந்து கனமாக இருந்தன. சாறும் பூவும் முன்னே நிறுத்திச் செய்யப்பட்ட செண்ட்டுகளுக்குப் பழகிய மூக்குக்கு இது கடுமையாகத்தான் படும். எல்.ஆர்.டி. ரயிலில் ஏறி, பள்ளிக்குச் சென்று, இரண்டு பாட வேளைகள் நின்றுகொண்டே பாடம் நடத்திவிட்டு ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது அந்தக் காரம் அடங்கியிருந்தது. எஞ்சியது, கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு சென்ற நாட்களில் அத்தை வீட்டு மண்பானையில் வேர் முடிச்சுப் போட்ட தண்ணீரைக் குடிக்கும்போது, குவளை உதட்டைத் தொடும் முன்பே வரும் அந்தக் குளிர்ந்த மணம். அவ்வளவு நுட்பமான ஒன்றை அந்தக் கெட்டி எண்ணெய் தனக்குள் வைத்திருக்கும் என்று பாயின் கடையில் நின்றபோது எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்து மேசையில் இருக்கும் மலாய் ஆசிரியை திரும்பிப் பார்த்து, "அக்கார் வாங்கியா?" என்று கேட்டார். மலாயில் வெட்டிவேருக்கு அக்கார் வாங்கி என்று பெயர். அவருடைய பாட்டி ஜாவாவிலிருந்து வந்தவர். மடித்த பாத்தேக் துணிகளுக்கு நடுவே இந்த வேரை வைப்பாராம், பூச்சி அண்டாது, துணியும் மணக்கும் என்று. பெட்டியைத் திறந்தால் முதலில் வரும் வாசம் இதுதான் என்று சொல்லி, என் கையைப் பிடித்து மீண்டும் முகர்ந்தார். ஆல்கஹால் கலக்காததால் தானும் தயக்கமின்றிப் பூசிக்கொள்ளலாம் என்று அவருக்கும் ஒரு சிறு குப்பி வாங்கித் தரச் சொன்னார். அதே நேரத்தில் அங்கே வந்த சீன ஆசிரியைக்கோ அது மருந்துக் கடையின் இழுப்பறைகளை நினைவூட்டியது. அவருக்கு அது உகந்ததாக இல்லை, நாற்காலியைச் சற்றே நகர்த்திக்கொண்டார். இந்த மணத்தை மதிப்பிடும்போது அருகிலிருப்பவரின் மூக்கையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். மின்தூக்கியிலும் நெரிசலான ரயிலிலும் எவ்வளவு பூசினால் போதும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

செபராங் பிறையிலிருந்து

நான் செண்ட் பூசுபவன் அல்லன். சாலையோரச் சரிவுகளில் மண் சரியாமல் இருக்க வெட்டிவேர்ப் புல் நடும் வேலையில் இருந்தவன். நம் நாட்டில் இதை ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் 1990ஆம் ஆண்டை ஒட்டியே நட்டுச் சோதித்திருக்கிறார்கள். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேர் கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டருக்கும் கீழே போகும். சரிவு முழுவதும் வரிசை வரிசையாக நின்றாலும் அந்தப் பக்கம் நடப்பவருக்கு ஒரு வாசமும் வராது, ஏனெனில் இலைக்கு மணம் இல்லை. மாற்றி நடுவதற்காகத் தூரைப் பிடுங்கும்போது முதலில் வருவது வெறும் மண் வாசம்தான். மண்ணை அலசி, நிழலில் உலர்த்தி, சில நாட்கள் கழித்து எடுத்துப் பார்த்தால்தான் வேர் மணக்கும். அந்த உலர்ந்த வேரே எனக்கு அளவுகோல். மகன் வாங்கிவரும் செண்ட் எதுவானாலும், வேரை ஒரு கையிலும் சட்டையை மறு கையிலும் வைத்து முகர்ந்து பார்க்கிறேன். வேரில் உள்ள கரடுமுரடான கசப்பைப் பெரும்பாலான செண்ட்டுகள் மழித்துவிடுகின்றன. அது எனக்குக் குறையாகவே படுகிறது.

வேர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நாட்டு மருந்துக் கடையில் விலாமிச்சை வேரையும் வெட்டிவேரையும் மாற்றி எடுத்துக் கொடுத்துவிடுவதுண்டு. விலாமிச்சை துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெட்டிவேர் நாம் சமையலுக்குப் போடும் செராய் (எலுமிச்சைப் புல்) போன்ற புல் இனம். மணமும் வேறுதான்.

மீண்டும் ஆயர் ஈத்தாமிலிருந்து

செபராங் பிறை ஐயா சொன்ன கரடுமுரடான கசப்பைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அது மழிக்கப்படுவது செண்ட் செய்பவரின் விருப்பத்தால் மட்டும் அன்று. வேர் எந்த மண்ணிலிருந்து வருகிறது, எப்படிக் காய்ச்சப்படுகிறது என்பதாலும் ஆகும். உலகச் சந்தைக்கு வரும் வெட்டிவேர் எண்ணெயில் பெரும்பகுதி ஹைத்தி நாட்டின் தென்பகுதியில், லே கே நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் வடிக்கப்படுகிறது. ஜாவாவில் காருட் பகுதியின் எரிமலை மண்ணிலும் இது நெடுங்காலமாக விளைகிறது. இரண்டு எண்ணெய்களையும் தேங்காய் எண்ணெயில் நீர்த்து, ஹைத்தியை இடக்கையிலும் ஜாவாவை வலக்கையிலும் தடவிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்தேன். நீர்க்காமல் தோலில் நேரடியாகப் பூச வேண்டாம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறும்போது ஜாவா எண்ணெய் புகைந்த விறகாகவும், ஓரளவு கருகிய வாடையாகவும் இருந்தது. நேரத்தை மிச்சப்படுத்த அதிக அழுத்தத்தில் நீராவியைச் செலுத்திக் காய்ச்சும் இடங்களில் இந்தக் கருகல் எண்ணெயில் ஏறிவிடும். ஹைத்தி எண்ணெய் தூய்மையாக, பச்சையாக, சற்றே பம்ப்ளிமாஸ் தோலின் சாயலோடு இருந்தது. அந்தச் சாயல் கற்பனை அன்று. பம்ப்ளிமாஸ் இனப் பழங்களுக்கு மணம் தரும் நூட்கட்டோன் என்ற பொருள் வெட்டிவேர் எண்ணெயிலும் சிறிதளவு உண்டு. தம்புன் பம்ப்ளிமாஸை உரிக்கும்போது விரலில் ஒட்டும் அந்தக் கசந்த எண்ணெயை நினைத்துக்கொண்டு முகர்ந்தால் தெரியும். செண்ட் செய்பவர்கள் வெட்டிவேரோடு கிரேப்ஃபுரூட் வாசத்தை அடிக்கடி சேர்ப்பதற்கும் இந்த உறவே காரணம் என்று நினைக்கிறேன்.

கோயிலிலிருந்து இறங்கி வந்து, பகலுணவு முடிந்து, கைகளை மறுபடி முகர்ந்தபோது என் முடிவு மாறிவிட்டது. காலையில் நான் உயர்வாக எண்ணிய ஹைத்தி மணம் மென்மையாகி, சலவை செய்த துணி போலத் தோலோடு ஒடுங்கிவிட்டது. ஜாவா எண்ணெயிலோ புகை விலகி, ஐயா சொல்லும் அந்தக் கரடான வேர் கசப்போடு அப்படியே நின்றது. அலுவலகத்துக்கு ஹைத்தி வகையையும், வெளிவேலைக்கும் கோயிலுக்கும் ஜாவா வகையையும் தேர்ந்தெடுப்பேன். இரண்டில் எது வெட்டிவேர் என்று ஒன்றை மட்டும் காட்டச் சொன்னால் ஜாவாவைத்தான் காட்டுவேன்.

செந்தூல் தங்கை கேட்டதற்கு வருகிறேன். பீய்ச்சும் செண்ட் என்றால் சட்டைக்கு உள்ளே, மார்பில் ஒரே முறை போதும். வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு நன்கு முன்னதாகவே பூசிவிட்டால் முதல் காரம் மின்தூக்கிக்குள் வராது. சிறிது நேரத்தில் நம் மூக்கு பழகிவிடும், மணம் போய்விட்டது என்று தோன்றும். அதை நம்பி மறுபடி பூசக் கூடாது, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்வதே மேல். அத்தரை முழங்கையின் உட்புறத்தில் தொட்டு வையுங்கள். கழுத்தில் வைத்தால் வெள்ளை ரவிக்கையின் விளிம்பில் பழுப்புக் கறை பிடிக்கும், துவைத்தாலும் எளிதில் போகாது. அந்த மலாய் ஆசிரியைக்கு வாங்கும் குப்பியை நிழலில் வைக்கச் சொல்லுங்கள். வெட்டிவேர் எண்ணெய் பதமாக வைத்திருந்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல மென்மை கூடும் என்பதால், அவருக்கு அது நெடுநாள் பயன்படும்.