உதவி: காற்றுத் தூசி அளக்கும் கருவி தினமும் விடியற்காலை 3 மணிக்கு அணைந்துவிடுகிறது

தூசிமானி: அனைவருக்கும் வணக்கம். ஆளில்லாத இடத்தில் நிறுத்தியிருக்கும் என் கருவி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அளந்து, அனுப்பிவிட்டு மறுபடி டீப் ஸ்லீப்புக்கு (சிப் பெரும்பாலும் அணைந்திருக்கும் ஆழ்ந்த உறக்கம்) போகும்படி நிரல் எழுதியிருக்கிறேன். இருந்தும் தினமும் 3 மணிவாக்கில் பேட்டரி தீர்ந்து, வெயில் ஏறிய பிறகே உயிர்பெறுகிறது. உறக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கும் என்று சிப்பின் கையேடு சொல்கிறது. அவசரம், உதவுங்கள்.

மேகம்2: எந்த போர்டு, எத்தனை வாட் சோலார் பேனல், பேட்டரியின் கொள்ளளவு என்ன, சென்சார் எது?

நிழல்பார்ப்பவன்: பேனல் மீது மரநிழல் விழுகிறதா என்று பாருங்கள். செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஓர் இலை ஒரு செல்லை மறைத்தாலே மொத்த மின்னோட்டமும் சரிந்துவிடும். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு தடவை இதுதான் காரணம்.

பழையகை: கையேட்டில் உள்ள 10 மைக்ரோ ஆம்பியர் வெறும் சிப்புக்கானது, போர்டுக்கானது அல்ல என்பதை இங்கே எத்தனை முறை எழுதுவது? போர்டில் உள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்து நிலையாக வைக்கும் பாகம்) சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் குடிக்கும். மீட்டரை எடுத்து அளந்துவிட்டுக் கேள்வி கேட்பது நல்ல பழக்கம்.

தூசிமானி: மன்னிக்கவும். ஈஎஸ்பி32 போர்டு, 5 வாட் பேனல், 2600 மில்லி ஆம்பியர் மணி லித்தியம் அயான் செல் ஒன்று. நிழல் இல்லை. தூசி சென்சார் பிஎம்எஸ்5003, மின்னழுத்தத்தை உயர்த்தும் பூஸ்டர் வழியாக 5 வோல்ட் கொடுக்கிறேன். உறங்கும் முன், அதை ஓடவும் உறங்கவும் வைக்கும் செட் பின்னைத் தாழ்நிலைக்குக் கொண்டுவந்துவிடுவதால் அதில் சிக்கல் இருக்காது.

பழையகை: லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லுக்கு மாறினால் 3.2 வோல்ட்டை நேரடியாகவே கொடுக்கலாம், ரெகுலேட்டரே வேண்டாம்.

மேகம்2: முழுதாகச் சார்ஜ் ஆனால் அது 3.65 வோல்ட்டைத் தொடும், ஈஎஸ்பி32 தாங்கும் உச்சமோ 3.6. அவரிடம் 4.2 வோல்ட் சார்ஜர் இருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பழையகை: சார்ஜை நிறுத்திய சில நிமிடங்களில் அந்த 3.65 தானாகவே இறங்கிவிடும். கையேடு மட்டும் படிப்பவர்களுக்கு இது தெரியாது.

மேகம்2: சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதும் சிப் அதே செல்லில்தானே இணைந்திருக்கிறது?

இரவுக்காவல்: செல் விவாதம் பிறகு நடக்கட்டும். பழையகை சொல்லும் 5 மில்லி ஆம்பியர் உண்மையே, ஆனால் அது நாளுக்கு 120 மில்லி ஆம்பியர் மணிதான். இந்த செல்லை ஓர் இரவில் காலிசெய்ய அதனால் முடியாது. தூசிமானி, இருட்டிய பிறகு, அது உறங்குவதாக நீங்கள் நம்பும் நேரத்தில், பெட்டியில் காதை வைத்துக் கேளுங்கள். டீப் ஸ்லீப்பில் சாதாரண பின்கள் தம் நிலையை இழந்து மிதக்கும். செட் பின் மிதந்தால் சென்சார் அதை "ஓடு" என்றே எடுத்துக்கொள்ளும். விசிறியோடு அது 100 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், பூஸ்டர் வழியாகப் பேட்டரியில் ஏறத்தாழ 150 ஆகும். மாலை 6 முதல் 3 வரை 9 மணி நேரத்துக்கு 1350 மில்லி ஆம்பியர் மணி; மாலையில் செல் பாதி நிரம்பியிருந்தால் உங்கள் 3 மணிக் கணக்கு அப்படியே வந்துவிடுகிறது. உறங்கும் முன் பின்னை ஹோல்ட் செய்யுங்கள் (உறக்கத்திலும் அதே நிலையில் பூட்டிவையுங்கள்), அல்லது சீரியல் வழியாக உறக்கக் கட்டளை அனுப்புங்கள். எழுப்பிய பின் அளவு நிலைப்பட 30 வினாடி காத்திருக்க வேண்டும். அப்படியும் நாளுக்கு 96 முறைக்கு 120 மில்லி ஆம்பியர் மணிதான் ஆகும்.

தூசிமானி: காதை வைத்தேன். உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

தூசிமானி: சரிசெய்துவிட்டேன், இரண்டு இரவுகள் தாண்டிவிட்டன. மிக்க நன்றி.

மேகம்2: ஹோல்டா, உறக்கக் கட்டளையா, எதனால் சரியானது? இதே சென்சாருடன் நானும் போராடிக்கொண்டிருக்கிறேன்.

மேகம்2: தூசிமானி, இருக்கிறீர்களா?