அழுங்குச் செதில்: பட்டியலிலிருந்து நீக்கியும் கடத்தல் நீடிப்பது ஏன்?

கேள்வி: சீனா 2020இல் தன் அதிகாரபூர்வ மருந்து நூலின் மூலப்பொருள் பட்டியலிலிருந்து அழுங்கு என்னும் எறும்புதின்னியின் செதிலை நீக்கிவிட்ட பிறகும், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் செதில் மூட்டைகள் பிடிபடுவது ஏன்?

மறுமொழி 1: மூலப்பொருளை நீக்கினார்களே தவிர, செதில் சேரும் சில கூட்டு மருந்துகள் அதே நூலில் நீடித்தன. தாய்ப்பால் சுரக்கும் என்று நம்பி வாங்கப்படும் அச்செதில், நம் நகத்திலுள்ள அதே கெரட்டின் என்னும் புரதம்தான்.

மறுமொழி 2: சிங்கத்தின் பல்லுக்கும் மசியாமல் சுருண்டுகொள்ளும் உயிரை, வேட்டைக்காரர் பந்தைப்போல் எடுத்துச் சாக்கில் போட்டுவிடுகிறார். பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் என்பதால், 2017 முதல் அழுங்கின் எட்டு இனங்களுக்கும் பன்னாட்டு வணிகத் தடை நடைமுறையில் இருந்தும் இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

கேட்டவர்: அப்படியானால், தடைக்கு முன் சேர்த்த பழைய இருப்பு என்ற பெயரில் புதிய செதிலும் கலக்க வழியிருக்கிறதே?

மறுமொழி 1: ஆம், பொடித்த செதிலில் பழையது எது, புதியது எது என்று கண்ணால் பிரித்தறிய இயலாது.